எள்ளும் வெல்லமும் அடங்கிய கூட்டுப் பெட்டி

எள்ளைக் களத்தில் உதிர்த்த உடனே மூட்டை கட்டி வியாபாரியிடம் சேர்த்துவிடுவது குடியானவர்களில் பெரும்பாலோருக்கு வழக்கமாயிருக்கிறது. கூலி கொடுக்கவும் கடன் தீர்க்கவும் பணம் வேண்டியிருப்பதால், விலை ஏறும்வரை காத்திருக்க அவர்களால் இயலுவதில்லை. சிலர் இதற்குப் பரிகாரமாக எள்ளுருண்டை செய்து விற்க முயலுகிறார்கள். ஆனால் உருட்டி வைத்த உருண்டை, மழைக்காலத்தில் வெல்லம் கசிந்து பிசுபிசுத்தோ, நாளடைவில் எண்ணெய் காறியோ போய்விடுகிறது. கடையிலிருந்து திரும்பிவரும் சரக்கின் நஷ்டம் செய்தவர் தலையிலேயே விழுகிறது.

இக்கஷ்டத்தைக் குறைக்கும் வழி ஒன்றுண்டு. எள்ளையும் வெல்லத்தையும் அளந்து தனித்தனிப் பைகளில் அடைத்து, ஓர் அச்சும் செய்முறைத் தாளும் சேர்த்து, வாங்குபவர் தம் வீட்டில் தாமே இடித்துப் பிடித்துக்கொள்ளும்படி பெட்டியாக விற்பதே அது. இதனைக் கூட்டுப் பெட்டி எனலாம்.

வாங்குபவரே செய்து முடிக்கும் மிட்டாய் பிற நாடுகளுக்குப் புதிதன்று. ஜப்பானில் 1986-ஆம் ஆண்டு முதல் ‘நெருநெருநெருனே’ என்னும் மிட்டாய்ப் பொதி விற்கப்பட்டு வருகிறது. ‘நெரு’ என்பதற்கு அம்மொழியில் பிசைதல் என்று பொருள். பொதிக்குள் ஒரு சிறு தட்டும், கரண்டியும், தூள் அடங்கிய பைகளும் இருக்கும். முதல் தூளில் நீர் விட்டுக் கலக்கி, இரண்டாவது தூளைச் சேர்த்துப் பிசைந்தால் கலவை நிறம் மாறிப் பொங்கி எழுகிறது. பொங்குவதற்குக் காரணம் சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் ஒன்றுசேர்வது. நிறம் மாறுவதற்குக் காரணம், ஊதா முட்டைக்கோஸில் உள்ளது போன்ற ஒரு சாயப்பொருள் புளிப்புப் பட்டவுடன் வேறு நிறங்கொள்வது. இதில் தீயின் வேலை சிறிதும் இல்லை. நீர் விடும்வரை தூள்கள் உலர்ந்தே இருப்பதால் சரக்கு எளிதிற் கெடுவதுமில்லை. குழந்தைகள் அதனை விரும்புவது இனிப்பிற்காக மட்டுமன்று. தம் கையாலேயே ஒன்று வேறொன்றாக மாறுவதைக் காணும் வேடிக்கைக்காகவும் ஆகும்.

எள்ளுருண்டைப் பெட்டியை அமைப்பவர் இவ்விரண்டையும் மனத்திற்கொள்ள வேண்டும். தீ சம்பந்தமான வேலை யாவும் செய்து விற்பவரிடமே முடிந்துவிட வேண்டும். மாறுதலை உண்டாக்கும் வேலையோ வாங்குபவருக்கே விடப்பட வேண்டும்.

எள்ளுருண்டையில் இருவகை உண்டு. வெல்லப்பாகு காய்ச்சி எள்ளைக் கொட்டிக் கிளறிச் சூட்டோடு பிடிப்பது ஒன்று. வறுத்த எள்ளை வெல்லத்தோடு இடித்துப் பிடிப்பது மற்றொன்று. இதைச் சிமிலி என்றும் சொல்வர். முதல் வகை கூட்டுப் பெட்டிக்கு ஆகாது. பாகு கொதிநீரைக் காட்டிலும் அதிகச் சூடுடையது. மேலே பட்டால் வழிந்துபோகாமல் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமாகச் சுடும். பாகுப்பதம் அறியாத வீட்டில், அதிலும் குழந்தைகள் கூடியிருக்கும் இடத்தில், இவ்வேலையை விடுவது பெரும் பிசகு.

இடிக்கும் வகையில் இந்த அபாயம் இல்லை. மேலும் ஜப்பானியப் பொதிக்குச் சற்றும் குறையாத வேடிக்கை ஒன்று இதிலேயே அமைந்திருக்கிறது. எள்ளின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். உலர்ந்த எள்ளை இடிக்க இடிக்க முதலில் தூளாகும். பின்பு ஈரப்பசை தோன்றும். வெல்லத்தைச் சேர்த்து மேலும் இடித்தால், ஒரு துளி நீரோ நெய்யோ விடாமலே, கையிற் பிடித்தால் நிற்கும் பதத்திற்கு வந்துவிடும். இதனை முதன்முறை காணும் பட்டணத்துப் பிள்ளைக்கு இது அதிசயமே.

ஆகவே எள்ளை முன்னதாகவே அரைத்து அடைத்துவிட்டால் வாங்குபவருக்குச் சௌகரியமாயிருக்குமே என்று நினைப்பது தவறு. அரைத்த எள்ளில் எண்ணெய் வெளிப்பட்டுக் காற்றுப் படுவதால் விரைவிற் காறல் வாடை உண்டாகும். முழு எள் அதனினும் நெடுநாள் தாங்கும். அதுவன்றியும், அரைத்த மாவை வாங்கி உருட்டுவதில் வேடிக்கை என்ன இருக்கிறது? பெட்டிக்கென்று தனியே விலை கொடுக்க யாரும் முன்வரமாட்டார்கள்.

எள்ளைப் பக்குவப்படுத்துவதில் முதற்கவலை மணல். மண் களத்திலும் சாலையிலும் உதிர்த்த எள்ளில் எவ்வளவு சலித்தாலும் எள்ளளவான கல் தங்கிவிடும். எள் எண்ணெய் ஆட்டப் போகும்போது இது பெரிதாகத் தோன்றாது. பல்லில் கடிபடும்போதோ ஒரு கல் போதும், அந்த வீட்டார் மறுமுறை வாங்கமாட்டார்கள். ஆதலால் இவ்வேலைக்கு ஒதுக்கும் எள்ளைத் தார்ப்பாயின்மேல் உதிர்ப்பதும், பின்பு நல்ல நீரில் அரித்துக் கல் நீக்குவதும், நிழலும் வெயிலுமாக நன்கு உலர்த்துவதும் அவசியம். வெள்ளை எள், கறுப்பு எள் இரண்டும் ஏற்கும். கறுப்பில் மணம் மிகுதியெனினும், தோலினால் சிறு கசப்பு உண்டு. புது ருசியினரான பிள்ளைகளுக்கு வெள்ளையே ஒத்துவரும். ஸ்ரீவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த எஸ்.வி.பி.ஆர்.1 வெள்ளை விதையுள்ள ரகம்.

அடிகனமான இருப்புச் சட்டியில், சிறு தீயில், சிறிது சிறிதாகப் போட்டு வறுக்க வேண்டும். எள் படபடவென்று வெடிக்கத் தொடங்கி மணம் எழுந்தவுடன் இறக்கித் தாம்பாளத்திற் பரப்பிவிடலாம். சட்டியிலேயே விட்டால் இரும்பின் சூட்டிற் கருகிவிடும். வறுத்த எள் முற்றும் ஆறிய பின்னரே பையில் அடைக்க வேண்டும். அவசரப்பட்டு வெதுவெதுப்பாக அடைத்தால், உள்ளே வியர்த்து, மொறுமொறுப்புக் கெட்டு, நன்றாக இடிபடாமற் போகும்.

வெல்லம் நன்கு உலர்ந்து உதிரும் தன்மையுடையதாக இருத்தல் வேண்டும்; நாட்டுச் சர்க்கரையாகவே காய்ச்சி எடுத்தது மிகவும் உத்தமம். நிறத்திற்காக ஹைட்ராஸ் முதலிய வெளுக்கும் மருந்திட்ட வெல்லத்தைத் தள்ளிவிடுக. வெல்லம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. அதை எள்ளோடு ஒரே பையில் அடைத்தால் தன் ஈரத்தை எள்ளுக்குக் கொடுத்து இரண்டையும் கெடுக்கும். எனவே பைகள் தனித்தனியே இருக்க வேண்டும். அவையும் காற்றுப் புகாத ஈயத்தாள் போன்ற உட்பூச்சுடைய பைகளாய், வாய் சூட்டில் ஒட்டியவையாய் இருத்தல் நலம். எள் 100 கிராமுக்கு வெல்லம் 70 கிராம் என்று தொடங்கிப் பார்த்து, வெல்லத்தின் இனிப்பையும் ஈரத்தையும் அனுசரித்துக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். ஏலப்பொடியோ சுக்குப்பொடியோ சிறு பையில் தனியே வைப்பது, மணம் போகாமலிருக்க.

அச்சைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் பெட்டி செய்வோர் ஏமாறுவது பெரும்பாலும் இதிலேதான். யானை, மயில் என்று நுணுக்கமாகச் செதுக்கிய அச்சு கடைத்தட்டில் அழகாயிருக்கும். எள்ளின் இடிமாவோ கரடுமுரடானது. மயிலின் தோகை அதில் பதியாது. யானையின் துதிக்கை எடுக்கும்போதே முறியும். மாங்காய், மீன், நிலா, தேர்ச்சக்கரம் போன்று தடித்த உருவங்களே தகும். குழியின் பக்கங்கள் செங்குத்தாக இராமல் வாய்ப்புறம் சற்று அகன்றிருந்தால், தட்டியவுடன் பண்டம் விழும். மரத்தில் செய்வதானால் வாடையும் சாயமும் இறங்காத, நன்கு உலர்ந்த மரமாக இருக்க வேண்டும், வர்ணம் பூசலாகாது. உடைந்து சிறு துண்டாகிக் குழந்தை விழுங்கக்கூடிய பகுதி எதுவும் அச்சில் இருக்கக்கூடாது.

கணக்கைப் பார்த்தால், 10 கிலோ எள்ளும் 7 கிலோ வெல்லமும் கொண்டு மேற்கண்ட அளவில் 100 பெட்டிகள் அமையும். ஆனால் அச்சுக்கும் அட்டைப்பெட்டிக்கும் ஆகும் செலவு, உள்ளிருக்கும் சரக்கின் விலையை மிஞ்சிவிடக்கூடும். ஒரு வீட்டுக்கு அச்சு ஒருமுறை போதும். ஆகையால் அச்சுடன் கூடிய பெட்டி ஒன்றும், அச்சில்லாத மறுபொதி ஒன்றுமாக இரு விதமாக விற்க வேண்டும். குடியானவர் விற்க விரும்புவது எள்ளேயாதலால், அவருக்கு நின்று பயன் தருவது மறுபொதிதான்.

எங்கே விற்பது என்பதில் தேச வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் சங்கராந்தியன்று எள்ளும் வெல்லமும் சேர்ந்த பண்டத்தை ஒருவருக்கொருவர் கொடுத்து நல்வார்த்தை சொல்வது பண்டிகையின் அங்கம். தமிழ்நாட்டிலோ எள் சனிக்கும் பிதிர்களுக்கும் உரியதென்று, அதனைப் பிறர் கையிலிருந்து வாங்கத் தயங்கும் வீடுகள் பல. கல்யாணத் தாம்பூலப் பையில் வைக்கலாமென்று எள்ளுப் பெட்டி ஆயிரம் செய்து குவித்தவர் விற்க வழியறியாமல் நிற்க நேரும். அத்தகைய காரியங்களுக்கு நிலக்கடலையும் வெல்லமும் கொண்ட பெட்டியே பொருந்தும். வறுத்துத் தோல் நீக்கிய கடலையும் எள்ளைப் போலவே இடிபட எண்ணெய் விட்டுச் சேரும். அதில் சுருங்கியதும், நிறம் மாறியதும், பூஞ்சணம் பிடித்ததுமான பருப்பை வறுப்பதற்கு முன்னரே கையாற் பொறுக்கி எறிந்துவிட வேண்டும். அப்பூஞ்சணத்தில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் என்னும் விஷம் வறுப்பதனால் முற்றும் நீங்குவதில்லை. தினைமாவும் தேனும் கொண்ட பெட்டியும் நல்லதே. ஆனால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் ஆகாதென்பதை அதன் மேல் தெளிவாக அச்சிட வேண்டும்.

செய்முறைத் தாள் எழுத்தைவிடப் படத்தால் பேசுவதாக இருக்கட்டும். அம்மியும் உரலும் இல்லாத வீடுகள் பட்டணத்தில் மிகுதி. இஞ்சி நசுக்கும் சிறு இடிகல்லில் இரண்டு கை எள்ளாக இடிக்கும் விதத்தையும், மிக்ஸியானால் விட்டுவிட்டு ஓட்ட வேண்டுமென்பதையும் சொல்ல வேண்டும். தொடர்ந்து ஓட்டினால் எள் சூடேறிக் கூழாகிவிடும். பின்பு அச்சில் நிற்காது. தாளைச் சோதிக்க எளிய வழி, எள்ளுருண்டை செய்தறியாத பத்து வீட்டாரிடம் பெட்டியைக் கொடுத்து, அருகில் வாய்திறவாது உட்கார்ந்திருப்பதே. அவர்கள் எந்த இடத்தில் கையை நிறுத்தி விழிக்கிறார்களோ, அந்த இடத்தில் தாள் திருத்தப்பட வேண்டும்.

உணவுப்பொருள் விற்பவர் யாவரும், வீட்டில் செய்பவராயினும், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி பதிவோ உரிமமோ பெற்றிருக்க வேண்டும். உள்ளடங்கிய பொருள்கள், நிகர எடை, அடைத்த தேதி, எதுவரை உபயோகிக்கலாம் என்பவை பெட்டிமேல் இருத்தல் வேண்டும். எள்ளும் கடலையும் சிலர் தேகத்திற்கு ஒவ்வாமல் கடும் உபாதை விளைவிப்பதால், அப்பெயர்களைப் பெரிய எழுத்திற் காட்டுவது முறை. கிராம உத்தியோகஸ்தர்கள் இவ்விவரங்களை மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு எடுத்துச் சொன்னால், சரக்கு சந்தைக்குப் போன பிறகு வரும் வீண் தொல்லை குறையும்.

கெடுநாளைப் பிறர் பெட்டியைப் பார்த்து எழுதிவிடலாகாது. முதலில் அடைத்த பெட்டிகளில் பன்னிரண்டை எடுத்து வைத்து, மாதத்திற்கு ஒன்றாகப் பிரித்து முகர்ந்தும் இடித்தும் தின்றும் பார்த்துக் குறித்துவர வேண்டும். மாசிப் பட்டத்து எள்ளில் 5 கிலோவை மட்டும் ஒதுக்கி 50 பெட்டிகளோடு தொடங்குபவர், ஐப்பசி கார்த்திகை அடைமழையில் அந்த வெல்லப் பை எப்படி இருக்கிறதென்று கண்ட பிறகே அடுத்த அச்சுகளுக்குத் தச்சரிடம் சொல்லலாம்.