இரண்டு நொடி அலை, ஒரு மணி நேர அலை

1859-இல் பெரும் சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. லண்டனை அடுத்த கியூ ஆய்வகத்தின் காந்தமானிப் பதிவுகளில் அப்போது சீரான சிறு ஏற்ற இறக்கங்கள் தெரிந்தன. இயற்பியலாளர் பால்ஃபோர் ஸ்டூவர்ட் அவற்றை 1861-இல் விவரித்தார். அதே வகை அதிர்வுகளை இன்று புதன், வியாழன், சனி ஆகிய கோள்களிலும் விண்கலங்கள் அளந்துள்ளன. ஓர் அலை எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை எழுகிறது என்று தெரிந்தால், அந்தக் கோளின் சூழலையே ஓரளவு அறிந்துவிடலாம்.

காந்தப்புலம் உள்ள கோள், சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் ஓட்டமான சூரியக் காற்றை விலக்கித் தன்னைச் சுற்றிக் காந்தக்கோளம் ஒன்றை அமைத்துக்கொள்கிறது. சூரியக் காற்று அதன்மீது மோதும்போதும் உரசும்போதும் காந்தப் புலக்கோடுகள் வீணைத் தந்திகளாய் அதிர்கின்றன. இத்தகைய அலைகள் உண்டென்று ஸ்வீடன் நாட்டு இயற்பியலாளர் ஹான்னஸ் ஆல்வென் 1942-இல் கணித்தார். தந்தி நீண்டு தடித்தால் சுருதி இறங்கும். புலக்கோடு நீண்டு, அதிலுள்ள பிளாஸ்மா எனும் மின்னேற்றத் துகள் திரள் அடர்ந்தால் அலையும் நிதானமாகும்.

புதனின் காந்தப்புலம் பூமியுடையதில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. சூரியனை நோக்கிய பக்கத்தில் அதன் காந்தக்கோளம் தரையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டர் அளவுக்குத்தான் எழுகிறது. 1974-இல் மரினர் 10 விண்கலம் அங்கே கண்டது இரண்டு நொடி அலை. பூமியில் காந்தக்கோளத்தின் அந்தப் பக்க எல்லை சுமார் 60,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. இங்குள்ள பெரிய அலைகள் ஒருமுறை அதிர 150 முதல் 600 நொடிகள் ஆகின்றன. வியாழனின் எல்லையோ பல பத்து லட்சம் கிலோமீட்டர். 2017-இல் ஜூனோ விண்கலமும் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கியும் ஒரே சமயத்தில் நோக்கியபோது, 27 நிமிடத்துக்கு ஒருமுறை புலம் அதிர்ந்ததும், துருவத்தில் எக்ஸ் கதிர்கள் மின்னியதும் ஒத்துப்போயின. சனியில் காசினி விண்கலம் கண்ட துடிப்புகள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை வந்தன.

வேறொரு வகை அலை, அங்கே என்ன பொருள் இருக்கிறது என்பதையும் காட்டிக்கொடுக்கிறது. அயனிகள் புலக்கோட்டைச் சுற்றிச் சுழல்கின்றன. எடை கூடினால் சுழற்சி மெதுவாகும். அந்தச் சுழற்சியின் வேகத்தை ஒட்டியே அலையும் எழுவதால், அதைக் கொண்டு அயனியை அடையாளம் காணலாம். வியாழனின் நிலவான அயோவின் அருகே கலிலியோ விண்கலம் கந்தக டை ஆக்சைடின் அலையைக் கண்டது. அது அயோவின் எரிமலைகள் கக்கிய பொருள். சனியருகே நீரிலிருந்து பிறந்த அயனிகளின் அலை. அந்த நீர் என்செலடஸ் நிலவு பீய்ச்சுவது.

ஒரே கலம் அளந்தால், அலை நகர்ந்ததா, கலம் நகர்ந்ததால் புலம் மாறித் தெரிந்ததா என்று பிரித்தறிவது கடினம். 2018-இல் புதனை நோக்கிப் புறப்பட்ட பெபிகொலம்போ திட்டத்தில் இரண்டு சுற்றுக்கலங்கள் உள்ளன. இரண்டும் ஒரே நேரத்தில் அளப்பதால் இந்தக் குழப்பம் பெருமளவு தீரும்.