கம்ப்யூட்டருக்கு எந்தக் கூலர்?

2022 ஜூலை 19 அன்று லண்டன் ஹீத்ரோவில் வெப்பம் 40.2 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அன்று கைஸ் அண்ட் செயின்ட் தாமஸ் மருத்துவமனைகளின் இரண்டு டேட்டா சென்டர்களிலும் குளிரூட்டும் கருவிகள் தாக்குப்பிடிக்கவில்லை. கம்ப்யூட்டர்கள் நின்றன. நர்ஸுகளும் டாக்டர்களும் பேனாவையும் காகிதத்தையும் எடுத்தார்கள். எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பப் பல வாரங்கள் ஆயின.

உங்கள் மேசையில் இருக்கும் டெஸ்க்டாப்புக்கும் வெப்பம் பொதுவான எதிரிதான். சொந்தமாகக் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்யும் தம்பி தங்கைகள் முதலில் இதை அறிந்துகொள்ளுங்கள்: ஏர் கூலர் குளிரை உண்டாக்குவதில்லை, சூட்டை இடம் மாற்றுகிறது. செப்புக் குழாய்க்குள் இருக்கும் சிறிதளவு திரவம் ப்ராசஸரின் சூட்டில் ஆவியாகி, மேலே உள்ள மெல்லிய அலுமினியத் தகடுகளுக்குச் சென்று, குளிர்ந்து, மறுபடியும் கீழே வருகிறது. தகடுகளின் சூட்டை ஃபேன் வெளியே தள்ளுகிறது. ஆகவே அறை 32 டிகிரி என்றால், எவ்வளவு விலையுள்ள ஏர் கூலரும் ப்ராசஸரை அதற்குக் கீழே கொண்டுபோகாது. ரேடியேட்டர் அருகில் கம்ப்யூட்டரை வைக்காதீர்கள்.

வாங்குமுன் மூன்று காரியங்களைப் பாருங்கள்.

முதலாவது, வாட். ரைசன் 5 7600 ப்ராசஸர் 65 வாட்; பெட்டியிலேயே கூலர் வரும். படிப்புக்கும் சாதாரண விளையாட்டுக்கும் அது போதும். 7600எக்ஸ் 105 வாட். அதற்குக் கூலர் தனியாக வாங்க வேண்டும். கோர் ஐ9 14900கே 253 வாட் வரை போகும். அதற்குப் பெரிய கூலர் தேவை.

இரண்டாவது, இடம். நாக்டுவா என்எச்-டி15 கூலரின் உயரம் 165 மில்லிமீட்டர். 160 வரை மட்டும் இடமுள்ள கேஸில் அதைப் பொருத்தினால் பக்கக் கதவு மூடாது. ஏஎம்5, எல்ஜிஏ 1700 என்று உங்கள் போர்டின் சாக்கெட் எதுவோ அதற்கான பிடிமானம் கூலருடன் வருகிறதா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, சத்தம். நம் வீடுகள் பலவற்றில் அம்மாவோ அப்பாவோ நைட் டியூட்டி முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் இரைந்தால் அவர்களுக்கு ஓய்வு ஏது? 10 டெசிபல் கூடினாலே காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு சத்தமாகத் தெரியும். 120 அல்லது 140 மில்லிமீட்டர் ஃபேன் மெதுவாகச் சுற்றியே போதுமான காற்றைத் தள்ளும். பயோஸில் ஃபேன் வேகத்தை நீங்களே குறைத்தும் வைக்கலாம்.

வாட்டர் கூலரில் பம்ப் பழுதானால் முழுவதையும் மாற்ற நேரிடலாம். ஏர் கூலரிலோ பெரும்பாலும் ஃபேனை மாத்திரம் மாற்றினால் போதும்.

80 டிகிரி காட்டுகிறதே என்று பயந்து உடனே பணம் கேட்காதீர்கள். ரைசன் 7600 போன்றவை 95 டிகிரி வரை தாங்கும். அதை எட்டினால் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கம்ப்யூட்டரை அணைத்து, பிளக்கைக் கழற்றி, தூசியைத் துடையுங்கள். பழைய தெர்மல் பேஸ்ட்டை நீக்கிப் புதிதாகப் பூசுங்கள். பிறகும் சூடு குறையவில்லையென்றால் புதிய கூலரைப் பற்றி வீட்டில் பேசலாம்.