பங்கு பிசகாத எண்கள்

ஒருவர் மௌத்தாகிறார். மனைவி, உம்மா, ஐந்து மகள்மார், கூடப்பிறந்த சகோதரன் ஒருவர் என்று வாரிசுகள். கடன், வஸிய்யத் எல்லாம் போக மிஞ்சியதில் மனைவிக்கு எட்டில் ஒன்று, உம்மாவுக்கு ஆறில் ஒன்று, மகள்மார் எல்லோருக்குமாக மூன்றில் இரண்டு, மிச்சம் சகோதரனுக்கு. எட்டு, ஆறு, மூன்று ஆகிய மூன்றாலும் மீதியில்லாமல் பிரிபடும் ஆகச் சிறிய எண் 24. அதில் 3, 4, 16, 1 என்று பங்கு விழும். ஆனால் 16ஐ ஐந்து மகள்மார் எப்படிப் பிரிப்பது? 24ஐ ஐந்தால் பெருக்கி 120 ஆக்கிக்கொள்ள வேண்டியதுதான். வளவு 120 பேர்ச் என்றால் மனைவிக்கு 15, உம்மாவுக்கு 20, மகளுக்குத் தலா 16, சகோதரனுக்கு 5. ஒரு பேர்ச்சும் உடையவில்லை. (மகள்மாருக்குக் கலியாணத்தோடேயே வீடு வளவை எழுதிக் கொடுத்துவிடும் நமது கரையோரத்தில் இந்தக் கணக்குக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்பது வேறு கதை.)

அல்-குவாரிஸ்மி தனது அல்ஜப்ர் நூலில் கணிசமான பகுதியை இந்த வாரிசுக் கணக்குக்கே ஒதுக்கினார். 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த கமாலுத்தீன் அல்-பாரிஸி, ஓர் எண்ணை முதன்மை எண்களாக உடைத்து அதன் காரணிகளைத் தேடும் வழியை ஆராய்ந்தார்.

24, 120 இரண்டும் இன்னொருவருடைய பட்டியலிலும் இருக்கின்றன. கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜன், தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும் விடக் கூடுதலான காரணிகள் உள்ள எண்களைத் தனியே பிரித்து ஆராய்ந்தார். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அது போகும். உயர் சேர்த்தி எண்கள் என்று சொல்லலாம். முதன்மை எண்ணுக்குத்தான் எல்லோரும் மரியாதை கொடுப்பார்கள். சேர்த்தி எண்ணைக் கழிவுபோலப் பார்ப்போம். அவர் அதன் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.

காரணிகளை எண்ண ஒவ்வொன்றாகத் தேடத் தேவையில்லை. 24 என்பது மூன்று 2உம் ஒரு 3உம் பெருகியது. சுட்டிகளோடு ஒவ்வொன்று கூட்டிப் பெருக்கினால் 4 × 2 = 8 காரணிகள். காரணி கூட வேண்டும், எண் சிறிதாகவும் இருக்க வேண்டும் என்றால் சிறிய முதன்மை எண்களைத்தான் அதிகம் பாவிக்க வேண்டும். அதனால் 2இன் சுட்டியை விட 3இன் சுட்டி கூடாது, 3இனதை விட 5இனது கூடாது. படிக்கட்டு மாதிரி இறங்கும். கடைசிப் படி எப்போதும் 1தான், 4, 36 ஆகிய இரண்டையும் தவிர. இதையும் அவர் நிறுவினார்.

பட்டியலின் கடைசி எண் 6,746,328,388,800. நமது கணக்கில் ஆறேமுக்கால் இலட்சம் கோடிக்குக் கொஞ்சம் குறைவு. 2 முதல் 23 வரையுள்ள ஒன்பது முதன்மை எண்களும் அதற்குள் இருக்கின்றன. சுட்டிகள் 6, 4, 2, 2, பிறகு ஐந்து ஒன்றுகள். ஒன்று கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 32 = 10,080. இத்தனை விதமாக மீதியின்றிப் பங்கு வைக்கலாம். கணினியில்லாத காலம், எல்லாம் கைக்கணக்கு!

கட்டுரை 1915இல் இலண்டன் கணிதக் கழகத்தின் இதழில் வந்தது. கழகத்துக்குப் பண முடை. எழுதியதில் ஒரு பகுதியை அச்சிடவில்லை. அது வெளிச்சத்துக்கு வர 1997 ஆயிற்று. ஆனாலும் அடுத்த ஆண்டே இந்த ஆய்வுக்காகக் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்தது.

நூறுக்கு மேற்பட்ட எண்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ஒன்று மட்டும் விடுபட்டுப் போனது: 293,318,625,600. அதற்கு 5,040 காரணிகள். பிள்ளைகளிடம் கொடுத்து 23ஆல் பெருக்கச் சொல்லுங்கள். பட்டியலின் கடைசி எண்ணே விடையாக வரும்.