பொடுகும் எண்ணெயும்

திருவனந்தபுரம் பழவங்காடிக் கணபதி கோயிலில் தேங்காய் உடைத்தல் பெயர்பெற்ற வழிபாடாகும். அத்தேங்காயின் எண்ணெய்க்கு அவ்வூரார் தலையிலும் நீங்காத இடமுண்டு. பொடுகு கண்டால், தலை வறண்டுவிட்டது என்று கருதி இன்னும் சிறிது எண்ணெய் தடவுவதே வீட்டு மூதாட்டியரின் வைத்தியம். ஆனால் பொடுகுக்கு வறட்சியே காரணமாயின், ஈரக் கடற்காற்று வீசும் இந்நகரில் அது அரிதாக இருத்தல் வேண்டும். அவ்வாறில்லை.

தலைத்தோலின் மேலடுக்கு இயல்பாக ஏறக்குறைய ஒரு மாதத்தில் புதுப்பிக்கப்படுகிறது. அப்போது உதிரும் இறந்த உயிரணுக்கள் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. பொடுகுள்ள தலையில் இவ்வேலை ஓரிரு வாரங்களில் முடிந்துவிடுவதால், முதிராத உயிரணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் செதில்களாக விழுகின்றன.

இவ்விரைவைத் தூண்டுவது மலசேஸியா என்னும் நுண்காளான். பிரெஞ்சு அறிஞர் மலசே 1874-ல் இதனைச் செதில்களில் கண்டு விவரித்தார். இது ஏறத்தாழ எல்லோர் தலையிலும் வாழ்வது; ஆகவே பொடுகு தொற்றுநோயன்று. தோலின் நெய்ச்சுரப்பிகள் கசியவிடும் கொழுப்பை இக்காளான் சிதைத்து உண்கிறது. அப்போது வெளிப்படும் ஒலீயிக் அமிலம் சிலருடைய தோலை மட்டும் உறுத்துகிறது. கொழுப்பு அமிலங்களைத் தானே ஆக்கிக்கொள்ளும் மரபணு இதற்கில்லை என்பது 2007-ல் தெரியவந்தது. ஆய்வுக்கூடத்தில் இதனை வளர்க்க ஆலிவ் எண்ணெய் ஊற்றுவது நெடுநாளைய வழக்கம் என்பதையும் இங்கு நினைவுகூரலாம்.

அதற்காகத் தேங்காய் எண்ணெயைப் பழிப்பதும் முறையன்று. அது மயிரிழையினுள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது. எனினும் செதில்களைப் படியச்செய்து மறைப்பதைக் குணமாக்குதல் என்று கொள்ளலாகாது. கீட்டோகொனசோல், செலீனியம் சல்பைடு ஆகியவற்றுள் ஒன்று கலந்த ஷாம்பூவைத் தோலில் படுமாறு தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவுதல் பயன் தரும். நிறுத்தினால் பொடுகு மீண்டும் தோன்றக்கூடும்.

ஆசிரியர்கள் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். நெய்ச்சுரப்பிகள் பருவமெய்தும் காலத்திலேயே முனைந்து இயங்குவதால், தொடக்கப்பள்ளிச் சிறார்க்குப் பொடுகு அரிது. எட்டு வயதுச் சிறுவனின் தலையில் செதிலோடு மயிர் ஒடிந்த வட்டத் திட்டும் காணப்பட்டால், அது பெரும்பாலும் தலைப்படையாகும். இது தொற்றும், சீப்பு, தொப்பி வழியாகவும் பரவும். மேற்பூச்சு மட்டும் மயிர்க்காலின் அடிவரை எட்டாது. கிரிசியோபல்வின் போன்ற மருந்தை மருத்துவரின் சொற்படி பல வாரங்கள் உட்கொள்ளச் செய்தல் வேண்டும். பொடுகென்று எண்ணி எண்ணெய் தடவிக் காலம் கடத்தினால், சிலருக்குச் சீழ்க்கட்டி உண்டாகி, அவ்விடத்தில் மயிர் நிரந்தரமாகவே முளைக்காமற் போவதுண்டு.