கைமுதலும் கணக்கும்

சூது என்றதும் நம் நினைவில் முதலில் தோன்றுவது பாரதக் கதைதான். தருமன் நாட்டை வைத்தான், தம்பியரை வைத்தான், தன்னையே வைத்தான், இறுதியில் திரௌபதியையும் வைத்தான். அறநூலார் இதனை ஒழுக்கத்தின் வீழ்ச்சியாகக் காண்பர். வள்ளுவரும் சூதுக்கெனத் தனி அதிகாரமே வகுத்துள்ளார். ஆனால், கணக்குப் பயிலும் மாணவன் கண்ணுக்கு அங்கே மற்றுமொரு குறையும் தெரிகிறது. இழந்ததை மீட்பதற்காகத் தருமன் மேலும் மேலும் பெரியதையே பணயமாக வைத்தான். பகடை நேர்மையாக உருண்டிருந்தாலும், அவ்வாறு ஆடுபவன் அழியாதிருத்தல் அரிது.

நம் விடுதிகளில் சில ஆண்டுகளாக அடிக்கடி எழும் வாதம் ஒன்று உண்டு. "போக்கர் சூதன்று, அது திறமை ஆட்டம். திறமை உள்ளவன் இறுதியில் வெல்வான்" என்பதே அது. நான் புள்ளியியல் பயில்பவன். எனவே இவ்வழக்கைத் தீர்த்து வைக்குமாறு நண்பர்கள் என்னிடம் வருவர். அவ்வாதத்தின் முற்பகுதியை நான் மறுக்கப் போவதில்லை. பிற்பகுதியில் 'இறுதியில்' என்று ஒரு சொல் இருக்கிறதே, அச்சொல்லின் விலை என்ன என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களை நடத்துவதைத் தடை செய்யும் சட்டத்தை நம் பாராளுமன்றம் 2025 ஆகஸ்டில் நிறைவேற்றியது. திறமை ஆட்டம், அதிர்ஷ்ட ஆட்டம் என்ற வேறுபாட்டை அச்சட்டம் பார்க்கவில்லை. ஆகவே இது ஆடுவதற்கு வழிகாட்டும் கட்டுரையன்று. ஓர் ஆட்டத்தின் வாயிலாக முதலையும் இடரையும் பற்றிய கணக்கை விளக்கும் முயற்சி என்றே இதனைக் கொள்க.

போட்டியின் அமைப்பு

போக்கர் போட்டியில் ஒவ்வொருவரும் ஒரே நுழைவுக் கட்டணம் செலுத்தி, சம அளவு வில்லைகளைப் பெறுகின்றனர். வில்லைகளை இழந்தவர் வெளியேறுவார். கடைசிவரை நிற்பவருக்கு முதற்பரிசு. கட்டணத்தின் பெரும்பகுதி பரிசு நிதியிற் சேரும். ஒரு சிறு பகுதி நடத்துபவரின் கமிஷன். பொதுவாக நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கே பரிசு கிடைக்கும். அதிலும் நிதியின் பெரும்பங்கு முதல் மூன்று நான்கு பேரிடமே போய்ச் சேரும்.

இவ்வாட்டத்தை உலகெங்கும் பரப்பியது 2003-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒரு வெற்றி. கிறிஸ் மணிமேக்கர் என்னும் அமெரிக்கக் கணக்கர் இணையத்தில் 86 டாலர் கட்டித் தகுதிப் போட்டி ஒன்றில் வென்றார். அதன் பயனாக லாஸ் வேகாஸ் நகரின் உலகப் போக்கர் தொடரில், 10,000 டாலர் கட்டண முதன்மைப் போட்டியில் இடம் பெற்றார். அங்கு 839 பேரை உடைய களத்தில் முதல்வராக வந்து 25 லட்சம் டாலர் பெற்றார். மூன்றே ஆண்டுகளில், 2006-இல், அதே போட்டிக்கு 8,773 பேர் திரண்டனர். வென்ற ஒருவரின் பெயரை உலகம் அறிந்தது. எஞ்சிய 8,772 பேர் எத்தனை காலம் தாக்குப்பிடித்தனர் என்று கேட்பாரில்லை. நாம் அதைத்தான் கேட்கப் போகிறோம்.

ஒரு சிறு கணக்கு

கற்பனையாக ஒரு போட்டியை அமைத்துக் கொள்வோம். ஆடுபவர் 100 பேர். கட்டணம் 110 ரூபாய். அதில் 100 பரிசு நிதிக்கு, 10 கமிஷன். நிதி 10,000 ரூபாய். முதற்பரிசு 3,000; இரண்டாவது 2,000; மூன்றாவது 1,200; நான்கு முதல் ஒன்பது வரை முறையே 800, 600, 500, 400, 300, 300; பத்து முதல் பதினைந்து வரை ஆளுக்கு 150.

சராசரி ஆட்டக்காரன் 110 கட்டி 100 பெறுவான். போட்டிக்குப் பத்து ரூபாய் நட்டம். இனி, மெய்யாகவே திறமை வாய்ந்த ஒருவனை எடுத்துக் கொள்வோம். பரிசு பெறும் ஒவ்வோர் இடத்தையும் அவன் மற்றவரைவிட 32 சதவீதம் கூடுதலாக எட்டுகிறான் என்க. அவனுக்குச் சராசரி வரவு 132. லாபம் போட்டிக்கு 22 ரூபாய். முதலுக்கு 20 சதவீத ஆதாயம் தரும் தொழில் எளிதில் கிடைப்பதன்று. ஆயினும் அவனுடைய வாழ்க்கை எவ்வாறு செல்லும் என்று பாருங்கள்.

பத்துப் போட்டிகளில் எட்டில் அவன் வெறுங்கையோடு திரும்புவான். ஒரு போட்டியின் முடிவு சராசரியிலிருந்து வழக்கமாக எவ்வளவு விலகும் என்பதைத் திட்ட விலக்கம் என்போம். நம் கணக்கில் அது ஏறத்தாழ 443 ரூபாய். லாபம் 22, அலைச்சல் 443! மெல்லிய ஓடையொன்று கடலலைக்குள் ஓடுவது போன்றது இது. ஓடை உண்டு; ஆனால் கரையில் நிற்பவனுக்கு அலைதான் தெரியும்.

ஏற்றமும் இறக்கமும்

போட்டிகளின் எண்ணிக்கை நான்கு மடங்கானால் எதிர்பார்க்கும் லாபமும் நான்கு மடங்காகிறது. ஏற்ற இறக்கமோ இரு மடங்கே ஆகிறது. 'இறுதியில் வெல்வான்' என்ற கூற்றுக்கு ஆதாரம் இவ்விதியே.

100 போட்டிகளில் நம் திறமைசாலியின் எதிர்பார்ப்பு லாபம் 2,200; ஏற்ற இறக்கம் 4,430. அந்நிலையில் அவன் நட்டத்தில் இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் ஒன்று. 400 போட்டிகளில் லாபமும் ஏற்ற இறக்கமும் ஏறத்தாழச் சமமாகின்றன. நட்டத்தின் வாய்ப்பு ஆறில் ஒன்று. 1,600 போட்டிகள் ஆடிய பின்னர்தான் அது ஐம்பதில் ஒன்றாகக் குறைகிறது. வாரத்திற்கு நான்கு போட்டி ஆடும் மாணவனுக்கு 1,600 போட்டிகள் முடிய ஏறத்தாழ எட்டாண்டு ஆகும். இளங்கலை, முதுகலை முடிந்து ஆராய்ச்சிப் பட்டமும் கிட்டிவிடும்! அந்த எட்டாண்டில் அவன் எதிர்பார்க்கும் லாபமோ 35,200 ரூபாய். மாலை வேளையில் ஒரு சிறுவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தால் இதனினும் மிகுதியாக வரும், அலையும் இராது.

தொடர் தோல்வியையும் நோக்குவோம். அடுத்தடுத்து 20 போட்டிகளில் பரிசின்றிப் போகும் வாய்ப்பு, ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து எண்ணினால், நூற்றில் ஒன்றளவே. ஆனால் 1,000 போட்டிகள் ஆடுபவன் அத்தகைய பஞ்சத்தை இருமுறையேனும் எதிர்பார்க்கத்தான் வேண்டும். அது வரும்போது, "என் திறமை போயிற்றோ?" என மனம் தடுமாறும். திறமை போகவில்லை, கணக்கு தன் வழியே நடக்கிறது. அதைத் தாங்குவதற்குக் கையில் பணம் இருந்ததா என்பதுதான் கேள்வி.

கைமுதல் எவ்வளவு வேண்டும்?

ஆட்டத்திற்கென்றே ஒதுக்கி வைத்த பணத்தைக் கைமுதல் என்கிறோம். அது தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. பின்னர் வரவேண்டிய வெற்றிகள் யாவும் வாராமலே போகும். நம் திறமைசாலியின் கைமுதல் 20 கட்டணங்களுக்குரியது மட்டுமே எனின், என்றேனும் ஒருநாள் அவன் ஓட்டாண்டியாகும் வாய்ப்பு பாதிக்கும் சற்று மேல். 50 கட்டணங்கள் இருந்தால் ஏறத்தாழ நான்கில் ஒன்று. 100 இருந்தால் இருபதில் ஒன்று. 200 இருந்தால் ஆயிரத்தில் சிலவே. 110 ரூபாய் ஆட்டத்திற்கு 22,000 ரூபாய் கைமுதல்! இதுவும் 100 பேர் ஆடும் சிறு களத்துக்கே. ஆயிரக்கணக்கானோர் ஆடும் களங்களில் ஏற்ற இறக்கம் பன்மடங்கு பெருகும்.

இக்கணக்கிலிருந்து இரண்டு விதிகள் கிடைக்கின்றன. ஆதாயம் பாதியாகக் குறைந்தால் கைமுதல் இரட்டிக்க வேண்டும். ஏற்ற இறக்கம் இரட்டித்தால் கைமுதல் நான்கு மடங்காக வேண்டும். மூன்றாவதாக ஒரு கொடிய உண்மையும் உண்டு. ஆதாயமே இல்லாதவனுக்கு எவ்வளவு கைமுதலும் போதாது. பெரிய முதல் அவன் அழிவைத் தள்ளிப் போடும், தடுக்காது.

இது சூதாடிகளின் கணக்கு மட்டுமன்று. 1654-இல் பாஸ்கலும் பெர்மாவும் ஆட்டப் பணத்தைப் பங்கிடுவது குறித்துக் கடிதம் எழுதிக் கொண்டபோது நிகழ்தகவுக் கணிதம் உருப்பெறலாயிற்று. 1903-இல் சுவீடன் நாட்டு பிலிப் லுண்ட்பர்க், இன்ஷூரன்ஸ் நிறுவனம் திவாலாகும் வாய்ப்பை ஆராய்ந்தார். மேலே கண்ட கணக்கு அவர் வகுத்த வழியைத் தழுவியதே. நிறுவனம் ஒதுக்கி வைக்கும் இருப்பு நிதியும் போக்கர் ஆடுபவனின் கைமுதலும் கணித நோக்கில் உடன்பிறந்தவை.

தேர்ந்தவர் கைக்கொண்ட முறை

1956-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த ஜான் கெல்லி ஓர் உண்மையைக் காட்டினார். ஒவ்வொரு முறையும் கையிருப்பில் ஒரு பங்கை மட்டுமே வைக்க வேண்டும். அப்பங்கு நமக்குள்ள சாதகத்தின் அளவைப் பொறுத்தது. தகுந்த பங்கைப்போல் இரு மடங்குக்கு மேல் வைப்பவன், சாதகம் தன் பக்கமே இருந்தாலும், நாளடைவில் தேய்ந்தே போவான். பேராசை சாதகத்தையும் பாதகமாக்கிவிடும் என்பது இங்கே வெறும் அறிவுரையன்று, நிறுவப்பட்ட தேற்றம்.

இதனை நடைமுறையில் காட்டியவர் 2000-ஆம் ஆண்டின் உலக முதல்வர் கிறிஸ் பெர்குசன். 2006-இல் அவர் ஒரு காசுமின்றித் தொடங்கி 10,000 டாலர் சேர்ப்பதெனச் சபதம் பூண்டார். இலவசப் போட்டிகளில் வென்ற சில்லறையே அவர் விதைநெல். பெரும் போட்டிகளில் கையிருப்பில் 2 சதவீதத்திற்கு மேல் கட்டுவதில்லை. மிகச் சிறிய கட்டணங்களுக்கு மட்டும் விலக்கு. மற்ற ஆட்டங்களில் 5 சதவீதமே எல்லை. மேசையில் குவிந்த பணம் மொத்தக் கையிருப்பில் பத்திலொன்றைத் தாண்டினால் எழுந்துவிட வேண்டும். கையிருப்பு குறைந்தால், தாழ்ந்த கட்டண ஆட்டத்திற்குக் கூச்சமின்றி இறங்க வேண்டும். உலக முதல்வராயிருந்தவர் சில்லறை ஆட்டத்தில் மாதக்கணக்கில் அமர்ந்திருந்தார். ஓராண்டுக்கு மேல் பொறுமை காத்தே இலக்கை அடைந்தார். உயர்வதற்கு ஒரு விதி, இறங்குவதற்கு ஒரு விதி என இரண்டும் வேண்டும். தருமனிடம் இல்லாதது இரண்டாவது விதியே.

மேலை நாடுகளில் தொழில்முறை ஆட்டக்காரர் பலர் தம் ஆட்டத்தில் பங்குகளையும் விற்பர். பாதியை விற்றவனுக்கு லாபமும் பாதி, ஏற்ற இறக்கமும் பாதி. அதே கைமுதல் இரு மடங்கு காலம் தாங்கும். வல்லவர்கள் தம் வலிமையை எவ்வளவு குறைவாக மதிப்பிட்டு நடக்கின்றனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இரண்டு மயக்கங்கள்

"சரி, நான் திறமைசாலிதான், கைமுதலும் சேர்த்துக் கொள்கிறேன்" என்று ஒரு நண்பர் என்னிடம் வாதிட்டார். "திறமைசாலி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். "முதல் 100 போட்டியில் லாபம் வந்திருக்கிறதே!" என்றார். இங்கேதான் முதல் மயக்கம். நம் கணக்கில், திறமை ஏதுமற்ற, போட்டிக்குப் பத்து ரூபாய் இழந்துகொண்டிருக்கும் சராசரி ஆட்டக்காரர்களிலும், 100 போட்டி முடிவில் மூன்றில் ஒருவருக்கு மேல் லாபத்தில் இருப்பர்! அவர்களுள் ஒவ்வொருவரும் தம்மை வல்லவர் என்றே நம்புவர். பெரிய ஆட்டத்திற்கு ஏறுவர். அதே வேளையில் மெய்யான திறமைசாலிகளில் மூன்றில் ஒருவர் தம்மை மூடர் எனக் கருதி விலகுவர். நூறு முடிவுகள் நமக்கு உண்மையைச் சொல்வதில்லை. நாம் கேட்க விரும்புவதையே சொல்கின்றன.

கைமுதல் நம் கையில் இருக்கிறது என்று எண்ணுவது இரண்டாவது மயக்கம். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க நீதித்துறை, பெரிய போக்கர் தளங்களின் இணைய முகவரிகளைக் கைப்பற்றியது. புல் டில்ட் என்ற தளத்தில் பணம் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கு அது திரும்பக் கிடைக்கத் தொடங்கியது 2014-இல்தான். பெர்குசன் சபதம் நிறைவேற்றிய தளமும் அதுவே. ஆட்டத்தின் இடரைக் கணித்தவர்கள், பணத்தை வைத்த பெட்டியின் இடரைக் கணிக்கவில்லை.

நமக்கு உரியது

முதலில் கேட்ட வினாவிற்கு விடை இப்போது தெளிவு. 'இறுதியில்' என்பதன் விலை இருநூறு கட்டணங்களும், ஆயிரத்து அறுநூறு போட்டிகளும், தன் திறமையைத் தானே ஐயுறும் மனமும் ஆகும். இவற்றுள் முதலாவதே மாணவனிடம் இல்லை. கைமுதல் என்பதற்கு ஓர் இலக்கணம் உண்டு: முழுதும் இழந்தாலும் உணவோ, கட்டணமோ, உறக்கமோ கெடாத பணமாக அது இருத்தல் வேண்டும். ஊரிலிருந்து வரும் பணம், இங்கே நெடுந்தொலைவில் பயிலும் நம் சாப்பாட்டுக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் அனுப்பப்படுவது. அப்பணத்தின் ஒவ்வொரு ரூபாய்க்கும் முன்பே ஒரு வேலை குறித்தாயிற்று. நண்பரிடம் வாங்கிய கடன் கைமுதலே அன்று. அது எதிர்க்குறியிட்ட கைமுதல். கடனில் ஆடுபவன், திறமை உள்ளவனாயினும், ஓட்டாண்டி நிலைக்கும் கீழிருந்தே தொடங்குகிறான்.

நாளை நம்மில் பலர் சம்பாதிப்போம். பங்குச் சந்தையில் முதலிடுவோம். சிலர் சொந்தத் தொழில் தொடங்குவோம். அங்கும் நல்ல யோசனை உடையவர்கள் பணம் தீர்ந்து முடங்குவதைக் காண்போம். அப்போது, "எனக்கு ஆதாயம் எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "எவ்வளவு நீண்ட பஞ்சத்தை என்னால் தாங்க முடியும்?" என்று கேட்கப் பழகுவோமாக. வள்ளுவர் வலியறிதல் என ஓர் அதிகாரம் வைத்தார். புள்ளியியலும் தன் வழியில் அதையே கற்பிக்கிறது.