சுகதேகியும் சோதித்துக்கொள்ள வேண்டும்

“எனக்கு ஒரு வருத்தமும் இல்லையே, வைத்தியரிடம் எதற்குப் போகவேண்டும்?” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்வியாகவே தோன்றும். ஆனால், இருதய வியாதியின் இயல்பை அறிந்தோர் இதனை ஒப்புக்கொள்ளார்.

அமெரிக்க ஜனாதிபதி பிராங்கிளின் றூஸ்வெல்ட்டின் வாழ்க்கையை நோக்குவோம். 1937ஆம் ஆண்டில் அவரது இரத்த அழுத்தம் 162/98. 1941இல் அது 188/105 ஆக உயர்ந்தது. வயது ஏற அழுத்தமும் ஏறுவது இயல்பே என அக்கால வைத்தியர் பலர் எண்ணியிருந்தனர். 1944 மார்ச் மாதத்தில் இருதய நிபுணர் ஒருவர் பரிசோதித்தபோது, ஜனாதிபதியின் இருதயம் வீங்கித் தளர்ந்திருந்தது. 1945 ஏப்ரல் 12ஆந் திகதி, தலையில் கடும் வலியென்று கூறிச் சாய்ந்தவர், மூளையில் இரத்தம் பெருகி 63ஆம் வயதில் உயிர்நீத்தார். அழுத்தத்தை அளந்தார்கள், அதன் பொருளை அன்று அறிந்தாரில்லை.

அப்பொருளை உலகுக்கு உணர்த்தியோர் சாதாரண மக்களே. மசாசுசெட்ஸ் மாநிலத்துப் பிறேமிங்ஹாம் நகரில் 1948இல் ஓர் ஆராய்ச்சி தொடங்கிற்று. 5,209 ஆண்களும் பெண்களும் அதிற் சேர்ந்து, ஈராண்டுக்கு ஒருமுறை தம்மைச் சோதிக்க இடங்கொடுத்தனர். காலப்போக்கிற் சிலருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. அவர்களுடைய பழைய குறிப்புகளை ஆராய்ந்தபோது, உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொலஸ்ட்ரோல், புகைத்தல் என்பன நோய் வெளிப்படுமுன்னரே அதற்கு வழிசமைத்தமை புலனாயிற்று.

வலி தோன்றும்வரை காத்திருப்பது ஏன் தவறு என்பது இப்போது விளங்கும். உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் எவ்வித அறிகுறியுமின்றியே இரத்தக் குழாய்களைக் கெடுக்கிறது. கையிற் பட்டி சுற்றி அளந்தாலன்றி அதனை அறிய முடியாது.

ஆதலின், நாற்பது வயதைக் கடந்தோர் ஆண்டுக்கொருமுறையேனும் இரத்த அழுத்தத்தை அளந்துகொள்ளுதல் நன்று. இரத்தத்திலுள்ள சீனியையும் கொலஸ்ட்ரோலையும் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்கவேண்டும் என்பதை வைத்தியர் சொல்வார். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இளவயதில் மாரடைப்பு வந்திருப்பின், அதனை அவரிடம் மறையாது கூறவேண்டும். நம் நாட்டு அரசாங்க வைத்தியசாலைகளில் இச்சோதனைகளுக்குக் கட்டணம் இல்லை. ஆயினும், சோதனை நன்றாயிருந்தது என்று எண்ணி, பின்னர் தோன்றும் நெஞ்சுவலியை அலட்சியம் செய்யலாகாது. உடனே வைத்தியசாலையை நாடவேண்டும்.

மாணவர்களே, உங்கள் தந்தையும் தாயும் கடைசியாக எப்போது இரத்த அழுத்தத்தை அளந்தார்கள்? இன்று மாலையே கேட்டுப் பாருங்கள். நினைவில்லை என்பார்களாயின், நாளையே அவர்களை அழைத்துச் செல்லுங்கள்.