சத்தமில்லாமல் முடிந்துபோகும் புரோகிராம்

"மேம், எரர் எதுவும் வரலை. ஆனா அவுட்புட்டும் வரலை."

பொறியியல் கல்லூரி லேபில் சி மொழி சொல்லிக்கொடுக்கிறேன். பிள்ளைகளை அதிகம் மிரளவைக்கும் புகார் இதுதான். எரர் வந்தால் பிடித்துக்கொள்ள ஒரு வரியாவது இருக்கும். இங்கே கம்பைல் ஆகிவிடுகிறது, எக்ஸி ஃபைலும் வந்துவிடுகிறது. ஓடவிட்டால் மறுநொடியே முடிந்துவிடுகிறது.

பல பேருக்கு நோயே இருக்காது. ஃபைலை டபுள் கிளிக் செய்திருப்பார்கள். கறுப்பு ஜன்னல் திறந்து, விடையை எழுதி, வேலை முடிந்ததென்று மூடிக்கொள்ளும், கண்ணுக்குத்தான் எட்டாது. டெர்மினலைத் திறந்து அங்கிருந்து ஓட்டினால் போதும்.

மற்றவர்களிடம் நான் முதலில் கேட்பது கோடை அல்ல, ஓர் எண்ணை. எந்தப் புரோகிராமும் முடியும்போது இயங்குதளத்திடம் ஓர் எண் சேர்ந்துவிடும். ஒழுங்காக முடிந்தால் வழக்கமாக 0. விண்டோஸ் பவர்ஷெல்லில் டாலர் குறி போட்டு, இடைவெளி விடாமல் 'லாஸ்ட்எக்ஸிட்கோட்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் அது தெரியும்.

-1073741515 வந்தால், புரோகிராமுக்குத் தேவையான ஏதோ ஒரு டிஎல்எல் ஃபைல் கிடைக்கவில்லை. நாம் எழுதிய முதல் வரி வரைகூட அது வரவில்லை. அதே ஃபைலை டபுள் கிளிக் செய்தால் எந்த டிஎல்எல் என்று விண்டோஸ் பெயரோடு சொல்லும். பவர்ஷெல் பெரும்பாலும் வாயே திறக்காது. கம்பைலரின் 'பின்' ஃபோல்டரை பாத்தில் சேர்த்தால் அநேகமாகச் சரியாகிவிடும். -1073741819 என்றால் தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டிருக்கிறது. ஸ்கேன்எஃபில் & குறியை விட்டவர்களுக்கு அடிக்கடி கிடைக்கும் பரிசு.

ஒரு மாணவன் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டான். "மெயினில் முதல் வேலையே பிரிண்ட்எஃப்தான் மேம், அதுகூட வரலை. ஃப்ரெண்டோட லினக்ஸ் லேப்டாப்ல ஓடுது!" இரண்டும் உண்மை. எண் -1073741571, அதாவது ஸ்டாக் நிரம்பிவிட்டது. மெயினுக்குள் 1000-க்கு 1000 இன்டிஜர் அர்ரே வைத்திருந்தான். ஒன்றுக்கு 4 பைட் வீதம் 40 லட்சம் பைட். விண்டோஸில் ஸ்டாக் கம்பைலரைப் பொறுத்து வழக்கமாக 1 அல்லது 2 எம்பி, லினக்ஸில் 8. மெயினுக்குள் நுழையும்போதே அர்ரேவுக்கு இடம் ஒதுக்கப் போய் விழுந்துவிடுகிறது, பிரிண்ட்எஃபின் முறை வருவதே இல்லை. அர்ரேவை மெயினுக்கு மேலே தூக்கிப் போடச் சொன்னேன், ஓடியது.

ஆனால் பிரிண்ட்எஃப் வராவிட்டால் அந்த வரிக்கே வரவில்லை என்று சத்தியமும் செய்ய முடியாது. லினக்ஸில் கடைசியில் பேக்ஸ்லாஷ் என் போடாவிட்டால், எழுத்துகள் பஃபரிலேயே தங்கி, புரோகிராம் விழும்போது கூடவே போய்விடும். தேடலுக்கு எஸ்டிடிஎர்ரில் எழுதுவது நல்லது. அது பஃபரில் காத்திருக்காது.

எனக்கு எரிச்சல் வருவது எண் 0 வரும்போதுதான். புரோகிராமைக் கேட்டால் எல்லாம் சுபம். கோடைத் திறந்தால், ஃபைல் கிடைக்காவிட்டால் ரிட்டர்ன் 0 என்று எழுதியிருப்பார்கள். டேட்டா ஃபைல் ஒரு ஃபோல்டரில், ஓட்டுவது வேறு ஃபோல்டரிலிருந்து. அந்த இடத்தில் பிஎரர் ஒரு வரி, ரிட்டர்ன் 1 ஒரு வரி எழுதவைத்த பிறகுதான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுகிறேன்.